நடிகர்கள் தொழிற்சங்கத்தில் சேரலாமா? தகுதியும் வழிமுறையும்

மாதச் சம்பளம் இல்லாதவர் தொழிற்சங்கத்தில் சேர முடியாது என்ற எண்ணம் கொழும்பில் நடிக்க வரும் நம் இளைஞர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. இலங்கையின் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம் ‘வேலையாள்’ என்ற சொல்லுக்குத் தரும் பொருள் மிக விரிவானது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். ஒரு வேலையைத் தானே செய்து கொடுக்க உடன்பட்டவரும் அதில் அடங்குவார். மேடை, தொலைக்காட்சி நாடகம், குரல் பதிவு என்று எதில் பாத்திரம் ஏற்றாலும் நீங்கள் செய்வது அத்தகைய வேலைதான். வழமையாக இந்தத் தொழிலைச் செய்பவர், இன்றைக்குக் கையில் வேலை இல்லாவிட்டாலும் வேலையாளே என்கிறது சட்டம். ஒரு நாடகம் முடிந்து ஆறு மாதம் வீட்டில் இருப்பவருக்கு இதைவிட முக்கியமான வரி வேறில்லை.

அங்கத்துவத்துக்குக் குறைந்த வயது 16.

சேருமுன் ஒன்றைப் பாருங்கள். சங்கம் வேறு, தொழிற்சங்கம் வேறு. கலை மன்றம், நலன்புரிச் சங்கம், நாடகக் குழு எல்லாம் நல்ல அமைப்புகளாக இருக்கலாம். ஆனால் தொழில் திணைக்களத்தில் தொழிற்சங்கப் பதிவாளரிடம் பதிந்த அமைப்புக்கே இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பதிவுச் சான்றிதழின் இலக்கத்தையும் யாப்பின், அதாவது சங்கத்தின் விதிகளின், பிரதியையும் கேளுங்கள். எத்தனை படைப்புகளில் நடித்திருக்க வேண்டும், சந்தா எவ்வளவு, எத்தனை மாதம் கட்டாவிட்டால் நீக்குவார்கள் என்பவற்றை ஒவ்வொரு சங்கத்தின் யாப்பும் தனித்தனியே தீர்மானிக்கிறது.

விண்ணப்பங்கள் சிக்குவது பெரும்பாலும் ஆதாரத்தில்தான். காசு கையில் கொடுக்கப்படும், பற்றுச்சீட்டு இராது. அல்லது முழுத் தொகையும் ஆட்களை அழைத்து வருபவரின் பெயரில் போகும், உங்கள் பெயர் எங்கும் இராது. படத்தில் மேடைப் பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்ற குழப்பமும் உண்டு. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் படைப்பின் பெயர், திகதி, இடம், தொகை நான்கையும் எழுதி, கொடுத்தவரிடம் கையொப்பம் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் அழைப்பு வந்த வட்ஸ்அப் செய்தி, வங்கிச் சீட்டு, உங்கள் பெயர் ஓடும் காட்சியின் படம் ஆகியவற்றை அன்றே சேமியுங்கள். மேடைப் பெயர் இருந்தால் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

பொருத்தமான சங்கம் இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். குறைந்தது 7 அங்கத்தவர்கள் கையொப்பமிட்டு, யாப்பின் பிரதியோடும் உத்தியோகத்தர்களின் பெயர், வயது, தொழில், முகவரி விபரங்களோடும் விண்ணப்பிக்க வேண்டும். சங்கம் அமைந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இது நடக்க வேண்டும். முதற்கூட்டத்தின் உற்சாகத்தில் பலர் இந்தத் திகதியைத் தவறவிடுகிறார்கள். பதவிகளுக்குப் பிரமுகர்களை நிறைப்பதும் ஆகாது. உத்தியோகத்தர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் அந்தத் தொழிலில் உண்மையாகவே ஈடுபட்டவர்களாக இருக்க வேண்டும். பணம் எதற்குச் செலவாகும், கணக்காய்வு எப்படி, சங்கத்தைக் கலைப்பது எப்படி என்பவை யாப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அங்கத்துவம் கிடைத்த பிறகு என்ன? ஒரு நிறுவனத்தோடு கூட்டாகப் பேரம் பேச, யாருக்காகச் சங்கம் பேசுகிறதோ அவர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதோர் அதன் அங்கத்தவர்களாக இருந்தால், நிறுவனம் பேச மறுக்க முடியாது. 1999ஆம் ஆண்டில் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த திருத்தம் இது. அங்கத்தவர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டால், அவர் சார்பில் சங்கம், இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் அங்கத்துவ அட்டை மட்டும், தயாரிப்பாளர் உங்கள் தொழில்தருநர் (உங்களை வேலைக்கு அமர்த்தியவர்) என்பதை அங்கே நிரூபித்துவிடாது. அந்த இடத்திலும் பேசப்போவது நீங்கள் சேமித்து வைத்த அதே சீட்டுகளும் செய்திகளும்தான்.