பெயராத கருவிக்கு ஏன் இடப்பெயர்வு?

கையடக்க ஜி.பி.எஸ். கருவியை அசையாமல் வைத்தாலும் திரையில் புள்ளி ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் இதை டிரிஃப்ட் என்பார்கள். அண்மையில் கைக்கு வந்த ஒரு கையேடு இதை ‘இடப்பெயர்வு’ என்கிறது. பயிற்சி வகுப்புகளிலும் இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

டிரிஃப்ட், ‘டிரைவ்’ என்ற வினையின் உறவு. காற்றோ நீரோ தள்ளிக்கொண்டு போவது அடிப்பொருள். வேர் பற்றி இவ்வளவு போதும்.

கருவிக்குள் எதுவும் தள்ளப்படுவதில்லை. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதிகளின் சைகை வந்துசேரும் நேரத்தைக்கொண்டு அது தூரத்தைக் கணிக்கிறது. நேரம் மைக்ரோ செக்கனில் நூறிலொரு பங்கு பிழைத்தால் தூரம் 3 மீற்றர் பிழைக்கும். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற அயன மண்டலம் சைகையைத் தாமதிக்கச் செய்கிறது, அந்தத் தாமதமும் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. காந்த மத்தியகோட்டை (புவியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு) அண்டிய நம் யாழ்ப்பாணப் பகுதியில் இந்தத் தொல்லை கூடுதல். மதிலிலும் தகரக்கூரையிலும் பட்டுத் தெறித்த சைகை, நேரே வந்ததோடு கலந்துவிடுகிறது. செய்மதிகளும் ஓடிக்கொண்டே இருப்பதால் பிழையின் அளவும் திசையும் நிலைப்பதில்லை. கருவியைக் கிணற்றுக்கட்டில் சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். தடக்கோடு வேலி தாண்டி அடுத்த வளவுக்குள் போய்த் திரும்பியிருக்கும், நடந்த தூரமும் ஏறியிருக்கும்.

இதில் எது இடம் பெயர்ந்தது? பெயர்தல் என்றால் இருந்த இடத்தை விட்டு அகலுதல். பாடசாலைப் பௌதிகத்தில் இடப்பெயர்ச்சி என்றால் பொருள் உண்மையிலேயே நகர்ந்திருக்க வேண்டும். அதைவிட, யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமத்தைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தவர்களிடம் போய், கருவிக்கு ‘இடப்பெயர்வு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இடப்பெயர்வுப் பதிவு’ என்ற தலைப்பைக் கண்டு அகதிப் பதிவென்று நினைத்தவர்மீது நான் குறை சொல்லமாட்டேன். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, பொருளுக்குள் நடப்பதை எட்டிப் பார்க்காத மொழிபெயர்ப்பு இப்படித்தான் வந்து முடியும்.

‘நகர்வு’ம் அதே பொய். ‘அலைவு’ பரவாயில்லை, ஆனால் ஊசலின் சீரான ஆட்டத்துக்கு அது போய்விட்டது. இந்தப் புள்ளிக்கு அலைவுகாலம் கிடையாது.

என் தெரிவு ‘தளம்பல்’. நிறைகுடம் தளம்பாது என்கிறோம். குறைகுடம் தளம்பும்போது குடம் வைத்த இடத்தில் இருக்க, உள்ளே நீர் மட்டும் ஆடுகிறது. விலைத் தளம்பல், வளிமண்டலத் தளம்பல் என்று செய்தித்தாளில் நாளாந்தம் படிக்கிறவர்களுக்கு ‘இடப்புள்ளித் தளம்பல்’ விளங்காமல் போகாது. பேச்சுவழக்கு என்று முகம் சுளிக்கும் தூய்மைவாதிகள் வேறொன்று தரட்டும், பார்க்கலாம்.

நங்கூரம் பிடிக்காமல் வள்ளம் நீரோட்டத்தில் போவதற்கும் ஆங்கிலத்தில் டிரிஃப்ட்தான். கடற்றொழிலாளர் அதை அள்ளுண்டு போதல் என்பார்கள். திரைப்புள்ளி அசையும்போது வள்ளம் அள்ளுண்டதா, கருவி தளம்புகிறதா என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டையும் ஒரு சொல்லில் அடைப்பது ஆங்கிலத்தின் வறுமை, அதை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

கையேட்டில் இன்னொரு வரி: ‘இடப்பெயர்வு ஏற்பட்டால் கருவியை மீள இயக்கவும்.’ மீள இயக்கினாலும் தளம்பும். வானம் மறையாத வெளியில் வைத்து, பல அளவீடுகளின் சராசரியை எடுக்க வேண்டும்.