கருதுகோள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பிக்கிறேன். ‘எடுகோள்’ வரவேண்டிய இடத்தில் ‘கருதுகோள்’ என்று எழுதிய விடைத்தாள்கள் தவணை தவறாமல் வரும். இரண்டும் ஒன்றல்ல. எடுகோளைச் சரியென்று வைத்துக்கொண்டே மேலே போகிறோம். கருதுகோளோ சோதிப்பதற்கென்றே முன்வைக்கப்படுவது.

கருதுகோளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஹைப்போதெசிஸ்’ கிரேக்கச் சொல். ‘ஹைப்போ’ என்றால் கீழே, ‘தெசிஸ்’ என்றால் வைத்தல். தமிழ்ச் சொல் அதன் நேர்பெயர்ப்பு அன்று. அதனாலேயே எனக்கு இதில் தனி விருப்பம். சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்று அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் வழிகளை, சொல்லும். புகையைக் கண்டு நெருப்பு உண்டென உய்த்துணர்வது கருதல். ‘கொள்’ என்ற வினை நீண்டு ‘கோள்’ ஆகும். குறிக்கோள், மேற்கோள் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆக, கருதிக் கைக்கொண்டது கருதுகோள்.

கொண்டதை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். 1960இல் உளவியலாளர் பீற்றர் வேசன் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவற்றுக்குள் இருக்கும் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பங்குபற்றியோர் தாமே மும்மூன்று எண்களாகச் சொல்லலாம். விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் பதில் வரும். வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். ஒரு மாணவன் 8, 10, 12 என்றான், பிறகு 20, 22, 24 என்றான். இரண்டுக்கும் ‘ஆம்’ வந்ததும், “இரண்டிரண்டாய்க் கூடுது, சேர்” என்று முடித்துவிட்டான். பின்வாங்கில் பேசாமல் இருந்த பிள்ளை 6, 4, 2 என்று கேட்டாள். ‘இல்லை’ என்ற பதில் வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. அடுத்து 1, 7, 50. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்கவேண்டும் என்பது மட்டுமே.

உளவியலாளர் ஆரி குருக்லன்ஸ்கி இத்தகைய வேறுபாட்டை ‘முடிவு வேட்கை’ என்று சொல்லத்தக்க ஒரு கருத்தால் விளக்கினார். நிச்சயமின்மையைத் தாங்கமுடியாதவர்கள் முதலில் அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு, அதிலேயே உறைந்துவிடுவார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது நம் ஊர்ப் பழமொழி. அவசரமும் களைப்பும் எவரையும் அந்த நிலைக்குத் தள்ளும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்த மாணவனை ஒரு நாளை வைத்து எடைபோட மாட்டேன்.

“கருதுகோளை நிரூபிப்பதற்காகப் பரிசோதனை செய்யப்படும்” என்று விடைத்தாளில் கண்டால் மட்டும் ‘நிரூபிப்பதற்காக’ என்பதை வெட்டி, ‘சோதிப்பதற்காக’ என்று மேலே எழுதிக் கொடுப்பேன்.