சொல் விளக்கம்: கிரைம், கிழக்கு லண்டனின் பிசுக்கு இசை

கிரைம் என்று தமிழில் எழுதியவுடனே ஒரு தொல்லை வந்துவிடுகிறது. நமக்குக் கிரைம் என்றால் கிரைம் நாவல், கிரைம் பிராஞ்ச். குற்றத்தைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி 'பக்கம்' என்பதில் வருகிற வன்மையான க. இந்த இசையின் பெயரிலோ 'தங்கம்' என்பதில் வருகிற மெலிந்த க. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அதனால் 'கிரைம் இசை' என்று படிக்கிறவர் அதைக் குற்றத்தைப் பற்றிய இசை, ரவுடிகளின் இசை என்று எடுத்துக்கொண்டால் அவர்மேல் தப்பே சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குழப்பத்தை இப்படியே விட எனக்கு மனசில்லை. லண்டனிலேயே இந்த இசையைக் குற்றத்தோடு சேர்த்துப் பார்த்ததால் பல வருடங்கள் அதற்கு மேடை கிடைப்பது பெரும்பாடாக இருந்திருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் சொல்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு நாள்பட ஊறிப்போய் ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று பொருள். தட்டினால் போகிற தூசு இல்லை. அடுப்புக்கு மேலே இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் எண்ணெயும் புகையும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் பிடித்திருக்குமே, விரலை வைத்தால் ஒட்டுமே, அது. வட ஜெர்மனி, நெதர்லாந்துப் பக்கத்துப் பழைய மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது என்கிறார்கள். பழைய டச்சில் இதன் உறவுச் சொல்லுக்குப் புகைக்கரி என்றும் முகமூடி என்றும் பொருள் உண்டு. முகத்தில் பூசுவதுதான் இரண்டுக்கும் பொது.

இந்தப் பெயர் இசைக்கு வந்தது இருபது வருடக் கதை. 2000ஐ ஒட்டிய வருடங்களில் கிழக்கு லண்டனில், முக்கியமாக இ3 என்ற அஞ்சல் குறியீடு கொண்ட போ என்ற வட்டாரத்தில், அரசுக் குடியிருப்பு அடுக்குமாடிகளில் வளர்ந்த பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் ஒரு புது ஒலியை உருவாக்கினார்கள். அப்போது லண்டனில் ஓடிக்கொண்டிருந்த நடன இசை கராஜ். அது வழவழப்பானது, இனிமையான பெண்குரல், நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போய் ஆடுகிற இசை. ஸ்னீக்கர் போட்டால் உள்ளே விடாத கிளப்புகளெல்லாம் இருந்தன. இந்தப் பையன்கள் அதிலிருந்து இனிப்பையெல்லாம் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நிமிடத்துக்கு 140 அடியை ஒட்டிய வேகம், வயிற்றில் இடிக்கிற பேஸ் என்ற கனத்த கீழ்ச்சுருதி ஒலி, நடுவில் நிறைய வெற்றிடம், அதன்மேல் மூச்சுவிடாமல் கொட்டுகிற பேச்சு. வசதியான ஸ்டுடியோ எதுவும் கிடையாது. ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற கணினி மென்பொருள், சிலருக்குப் பிளேஸ்டேஷனில் ஓடுகிற 'மியூசிக் 2000' என்ற விளையாட்டு வட்டு, அவ்வளவுதான் கருவி. அந்தக் கரடுமுரடு ஒலியிலேயே தங்கியும்விட்டது. பிற்காலத்தில் நல்ல கருவிகள் கையில் வந்த பிறகும் அதை யாரும் துடைத்துப் பளபளப்பாக்க விரும்பவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

இதற்கு ஒருவர் உட்கார்ந்து பெயர் வைக்கவில்லை. ஆரம்பத்தில் ஆளுக்கொரு பெயர். எட்டு பார் (பார் என்றால் நான்கு அடி கொண்ட ஒரு தாள அலகு) முடிந்ததும் அடுத்த எட்டில் இசை அடியோடு மாறுவதால் சிலர் 'எயிட் பார்' என்றார்கள். அந்த வேகத்தில் எட்டு பார் என்றால் ஏறத்தாழ 14 விநாடி. 2002இல் யங்ஸ்டார் என்பவர் மியூசிக்கல் மாப் என்ற பெயரில் வெளியிட்ட 'பல்ஸ் எக்ஸ்' இந்த அமைப்பில்தான் இருக்கிறது, முதல் கிரைம் பாட்டு எது என்று சண்டை வரும்போதெல்லாம் அதன் பெயர் வரும். மேற்கு லண்டனில் ஜான் ஈ கேஷ் கூட்டம் தங்கள் ஒலியை 'சப்லோ' என்றது. போ வட்டாரத்து வைலி என்ற கலைஞர் தன் இசைக்கு 'எஸ்கிபீட்' என்று பெயர் வைத்திருந்தார். 'எஸ்கிமோ', 'இக்லூ' என்று குளிர் சார்ந்த பெயர்களாகவே தன் இசைத்தடங்களுக்கு வைத்துவந்தவர் அவர், கேட்டாலும் அப்படித்தான் இருக்கும், உலோகம் உறைந்துபோய்க் கிடக்கிற மாதிரி. கடைசியில் இந்தப் பெயர்ச் சண்டையையே எடுத்து, இதை என்னவென்று அழைப்பீர்கள் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2004இல் ஒரு பாட்டு வெளியிட்டார். அதற்குள் கிரைம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பையன்களிடையே ஓர் இசைத்தடத்தைக் 'கிரைமி' என்று சொன்னால் அது பாராட்டு. இந்த ஒரு விஷயம் புரிந்தால் சொல்லின் பொருள் பாதி புரிந்த மாதிரி.

கிரைமோடு சேர்ந்து வருகிற சொற்களையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் மொழிபெயர்க்கும்போது தடுமாறுகிற இடங்கள் அங்கேதான் அதிகம்.

பைரேட் ரேடியோ. இதைக் 'கடற்கொள்ளையர் வானொலி' என்று எழுதினால் சிரிப்பு வரும், ஆனால் அந்தப் பெயருக்குக் கடலோடு உண்மையிலேயே தொடர்பு உண்டு. 1964இல் ரேடியோ கரோலைன் இங்கிலாந்துக் கரைக்கு வெளியே கப்பலில் இருந்து ஒலிபரப்பியது, அந்தக் காலத்துப் பெயர் இது. கிரைம் காலத்தில் கப்பலெல்லாம் போய், அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் யாருக்கும் தெரியாமல் ஆன்டெனா நட்டு, வேறெங்கோ ஒரு வீட்டு அறையில் இருந்து ஒலிபரப்பினார்கள். தமிழில் 'உரிமமில்லா ரேடியோ' என்றால் போதும், ஈழத்து வழக்கில் 'கள்ள ரேடியோ' என்றால் இன்னும் உயிராக இருக்கும். 1994இல் தொடங்கிய ரின்ஸ் எஃப்எம் இவற்றில் முக்கியமானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்லிம்சீ, உயரமான கட்டடங்களின் மொட்டைமாடிக்குப் போகவே கூடாது என்று 2005இல் நீதிமன்றம் தடை போட்டது. அதே ரின்ஸுக்கு 2010இல் முறையான உரிமம் கிடைத்தது.

எம்சி. வெறும் தொகுப்பாளர் என்று நினைத்துவிடாதீர்கள். டிஜே இசைத்தட்டை ஓட்ட, அதன்மேல் வரிகளைக் கொட்டுகிறவர்தான் எம்சி. இதன் வேர் ஜமைக்காவில் இருக்கிறது. கரீபியத் தீவுகளில் இருந்து பிரிட்டனுக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கள் சவுண்ட் சிஸ்டம் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள், பெரிய பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, ஓடுகிற இசையின்மேல் ஒருவர் மைக்கில் பேசிப் பாடுகிற வழக்கம். அமெரிக்க ராப்பின் பிள்ளை என்று கிரைமை எழுதுகிறவர்கள் இந்த வம்சாவளியைத் தவறவிடுகிறார்கள். ராப்புக்குத் தமிழில் வழங்குகிற 'சொல்லிசை' இங்கேயும் பொருந்தும், எம்சியைச் சொல்லிசைஞர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ரிதிம். இதுவும் ஜமைக்கச் சொல், பாடும் குரல் இல்லாத முழு இசைத்தடம். ஒரே ரிதிமின்மேல் பத்துப் பேர் பத்து விதமாகப் பாடுவார்கள். ரஃப் ஸ்க்வாட் குழுவைச் சேர்ந்த எக்ஸ்டிசி 2004 வாக்கில் செய்த 'ஃபங்ஷன்ஸ் ஆன் த லோ' என்ற ரிதிமின்மேல், பத்து வருடம் கழித்து ஸ்டார்ம்ஸி என்ற தெற்கு லண்டன் இளைஞர் ஒரு பூங்காவில் நின்று பாடினார். 2015இல் அந்த 'ஷட் அப்' பிரிட்டனின் முதல் பத்துப் பாடல்களுக்குள் போய்விட்டது. தமிழில் இதற்கு 'மெட்டு' ஏறக்குறையப் பொருந்துகிறது. பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் 'இன்ன மெட்டு' என்று அச்சடித்திருப்பார்களே, அந்தப் பழக்கமும் இதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மெட்டு என்றால் ராகப்போக்கு மட்டும், ரிதிமில் பேஸும் தாளமும் எல்லாமும் அடக்கம் என்ற வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரீலோட். எம்சி ஒரு வரியைப் போடுகிறார், கூட்டம் கத்துகிறது, டிஜே ஓடுகிற தட்டைக் கையால் சரக்கென்று பின்னுக்கு இழுத்து முதலில் இருந்து போடுகிறார். எம்சிக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இதற்குப் புதுச் சொல் எதுவும் தேடத் தேவையில்லை, நம் நாடகக் கொட்டகையில் கத்தின 'ஒன்ஸ்மோர்' தான் இது. கிளாஷ் என்பது இரண்டு எம்சிகள் எதிரெதிரே நின்று வரியாலேயே அடித்துக்கொள்வது, 'எசப்பாட்டு' என்ற சொல் இதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஜாமர் என்ற கலைஞர் லேட்டன்ஸ்டோனில் தன் பெற்றோர் வீட்டு நிலவறையில் இந்த மோதல்களைப் படம்பிடித்து 2004இல் டிவிடியாக வெளியிட ஆரம்பித்தார். அதில் வைலியும் கேனோவும் மோதியதை இன்றைக்கும் ஆட்கள் வரி வரியாகச் சொல்வார்கள். கேனோ ஈஸ்ட்ஹாம்காரர். அங்கே தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கிற ஹை ஸ்ட்ரீட்டில் நடந்திருக்கிறவர்களுக்கு, இந்த இசை பிறந்த தெருக்கள் எவ்வளவு பக்கம் என்பது தெரியும்.

இன்னொரு தமிழ்த் தொடர்பும் உண்டு. லண்டனில் பிறந்து, சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மறுபடி லண்டனுக்கு வந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் 'அருளர்' ஆல்பத்தை வெளியிட்டார். அவரைக் கிரைம் கலைஞர் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த ஆல்பத்தின் உலர்ந்த தாளத்தில் அந்தக் காலத்து லண்டன் தெரு ஒலி நன்றாகவே கேட்கிறது.

சரி, குற்றம் விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் காவல்துறை 2005இல் 'படிவம் 696' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பாடுகிறவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன வகை இசை என்ற கேள்வி இருந்தது, அதற்கு எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்தவை கறுப்பின மக்களின் இசை வகைகள். பார்க்க வருகிறவர்கள் எந்த இனம் என்ற கேள்விகூடத் தொடக்கத்தில் இருந்தது. இந்தப் படிவத்தால் நின்றுபோன கிரைம் நிகழ்ச்சிகள் பல. கலைஞர்கள் வருடக்கணக்காக எதிர்த்துப் பேசி, மேயர் சாதிக் கான் மறுபரிசீலனை கேட்ட பிறகு, 2017 நவம்பரில்தான் அதை எடுத்தார்கள். கிரைம் வரிகளில் கத்தியும் போலீஸும் சண்டையும் வருவது உண்மை, அவர்கள் வளர்ந்த தெருவில் அவை இருந்தன. அதே வரிகளில் அம்மாவும் பள்ளிக்கூடமும் பசியும் நக்கலும் வருகின்றன. பெயரில் உள்ள அழுக்கு ஒலியின் தன்மையைச் சொல்கிறது, பாடுகிறவரின் ஒழுக்கத்தை அல்ல. அதனால்தான் தமிழில் நாம் தேர்ந்தெடுக்கிற சொல்லில் கவனம் வேண்டும் என்கிறேன்.

'அழுக்கிசை' வேண்டாம், தமிழில் அது நேராக வசையாகிவிடும். 'மாசு' என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கைக்குச் சரி. சொல்லின் பழைய வேரைப் பார்த்து 'கரியிசை' என்று வைக்க யாருக்காவது ஆசை வரலாம், ஆனால் பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய இசைக்குக் கரி என்று பெயர் வைப்பது அசிங்கம். அதைச் செய்யவே கூடாது. 'லண்டன் கானா' என்று எழுதினால் இரண்டு இசைக்கும் அநியாயம், கானா வடசென்னையின் சொத்து, அதன் தாளமும் துக்கமும் வேறு. மிஞ்சுவது 'பிசுக்கு'. ஒட்டுவது, விடாதது, பளபளப்புக்கு எதிரானது, அதே நேரம் யாரையும் திட்டாத சொல். பொருள் விளக்கத்துக்குப் பிசுக்கு இசை என்று சொல்லுங்கள். பெயராக எழுதும்போது ஜாஸை ஜாஸ் என்றே எழுதுவதுபோல் கிரைம் என்றே விட்டுவிடலாம், முதல் தடவை மட்டும் 'லண்டன் கிரைம் இசை' என்று எழுதினால் குற்றக் குழப்பம் போய்விடும்.

பக்கத்து வீட்டுப் பெயர்களில் மூன்று மட்டும். கராஜ் என்ற பெயர் நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் இருந்து வந்தது, அது முன்பு வண்டி நிறுத்துகிற கட்டடம். டப்ஸ்டெப் தெற்கு லண்டன் கிராய்டனில், கிரைமின் அதே காலத்தில், அதே வேகத்தில் பிறந்தது. அங்கே பேச்சு குறைவு, பேஸே எல்லாம். டிரில் வேறு, அது சிகாகோவில் இருந்து வந்து லண்டனில் உருமாறியது, செய்திகளில் கிரைமோடு போட்டுக் குழப்புவார்கள்.

கேட்டுப் பார்க்க நினைக்கிறவர்கள் டிஸ்ஸி ராஸ்கலின் 'பாய் இன் டா கார்னர்' ஆல்பத்தில் தொடங்கலாம். 2003இல் 18 வயதில் அதற்காக, பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசை வாங்கினார், இன்னும் அதற்கு வயதாகவில்லை. அப்புறம் 2016இல் அதே பரிசை வென்ற ஸ்கெப்டாவின் 'கொன்னிச்சிவா'. போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் காணாமல் போனால் பாதி இசை போச்சு, ஹெட்ஃபோன் கட்டாயம். காதுக்குப் பழகியதும் அந்தக் கால உரிமமில்லா ரேடியோ நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளுக்குப் போங்கள். இரைச்சலோடு இருக்கும், ஒரே மைக்கை ஏழெட்டுப் பேர் பிடுங்கிக்கொள்வார்கள், நடுவில் யாராவது ஊர்க்காரர் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பார்கள், திடீரென்று தட்டு பின்னுக்கு இழுபடும். அந்த ஒன்ஸ்மோர் எந்த வரிக்கு விழுந்தது என்று கவனித்துக் கேளுங்கள், ஸ்டுடியோ ஆல்பத்தில் அது கிடைக்காது.