இடம் தேடி நாலு சுற்று

ஏழு மணி நிகழ்ச்சிக்கு 6.40-க்கே போய்விடலாம் என்று மேப் சொன்னது. சொன்னபடி 6.40-க்கு அரங்க வாசலைக் கடந்தோம். இருக்கையில் உட்கார்ந்தபோது மணி 7.10. நடுவில் போன அரை மணி நேரமும் காரை நிறுத்த இடம் தேடியதுதான். மேப்பைக் குறை சொல்ல முடியாது, அது வாசல்வரைக்கும்தான் கணக்குப் போடும்.

வாசலுக்கு அப்புறம் இடம் தேடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. தெருவோரம் பாதி இடம் காலி என்றால், சராசரியாக 2 இடம் பார்ப்பதற்குள் ஒன்று கிடைத்துவிடும். 80 சதவீதம் நிரம்பியிருந்தால் 5 இடம் பார்க்க வேண்டும். 90 என்றால் 10, 95 என்றால் 20. 99 சதவீதம் நிரம்பிவிட்டால்? 100 இடம். ஒரு காருக்கு 6 மீட்டர் என்று வைத்தால், 600 மீட்டர் தூரத்துக்கு வரிசையாக நிற்கும் கார்களை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே உருள வேண்டும். கவனியுங்கள்: 95-க்கும் 99-க்கும் நடுவே நூற்றுக்கு நாலே கார்தான் கூடியிருக்கிறது, தேடல் ஐந்து மடங்காகிவிட்டது. ஆறரைக்கு வந்தவர் சிரித்த முகத்தோடு இறங்குவதும், கால் மணி நேரம் பிந்தியவர் ஸ்டியரிங்கைக் குத்துவதும் இதனால்தான். உங்களுக்கு முன்னால் இன்னொருவரும் தேடுகிறார் என்றால் நிலைமை இதைவிட மோசம்.

தேடுகிற கார்களும் நெரிசலில் சேர்த்தி. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இருந்த டொனால்ட் ஷூப், 1927 முதல் 2001 வரை பல நகரங்களில் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த கார்களில் சராசரியாக 30 சதவீதம் இடம் தேடிச் சுற்றியவை, தேடலுக்கு ஆன நேரம் சுமார் 8 நிமிடம். தேடல் அதிகம் இருக்கும் என்று தோன்றிய தெருக்களில் எடுத்த கணக்கு என்பதால், ஊர் முழுக்க அப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மாலை நேரத்தில் நாம் போவதே அந்த மாதிரித் தெருக்களுக்குத்தானே!

தேடுபவர் சட்டென்று பிரேக்கைத் தொடுவார். பின்னால் வருபவருக்கு அது உறைக்க ஒரு கணம் ஆகும், அதனால் அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார். அவருக்குப் பின்னால் இருப்பவர் அதைவிட அழுத்தி மிதிப்பார். யூகி சுகியாமாவும் சக ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட சோதனையில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, விபத்து இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சில கார்கள் நின்றே போயின. அந்த நிற்றல் ஓர் அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது.

ஷூப் சொன்ன தீர்வு யாருக்கும் பிடிக்காத ஒன்று: எப்போதும் 15 சதவீதம் இடம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை ஏற்றி இறக்க வேண்டும். நம் கணக்கில் அது ஆறேழு இடம் பார்த்தால் போதும் என்ற நிலை. வில்லியம் விக்ரி 1954-லேயே கிட்டத்தட்ட இதைச் சொல்லிவிட்டார். 1996-ல் பொருளாதார நோபல் பெற்றாரே, அவர்தான். சான் பிரான்சிஸ்கோ 2011-ல் சில பகுதிகளில் தேவைக்கேற்ற கட்டணத்தைச் செய்தும் பார்த்தது. வசூல் வேட்டை என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கென்னவோ, நாலு சுற்றுக்குச் செலவாகும் பெட்ரோலையும் கணக்கில் சேர்த்தால் இது நியாயமாகவே படுகிறது.

சரி, எந்த இடத்தைப் பிடிப்பது? க்ராபிவ்ஸ்கி, ரெட்னர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 2019-ல் இதற்கும் ஒரு கணிதம் செய்தார்கள். வாசலிலிருந்து தள்ளி நிற்கும் கடைசிக் காருக்குப் பின்னாலேயே அடக்கமாக நிறுத்துபவர், வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புபவர், வழியில் கார்களுக்கு நடுவே தென்படும் முதல் இடைவெளியில் நுழைபவர் என்று மூன்று வகை. ஓட்டும் நேரம், நடக்கும் நேரம் இரண்டையும் கூட்டினால் சராசரியில் ஜெயிப்பவர் மூன்றாமவர். வாசல்வரை போகிறவர் பெரிதாகப் பின்தங்குவதில்லை, அடக்கமானவர்தான் பாவம்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு வேறொரு கணக்கு. ஒரு காரை வெளியே விட 10 விநாடி எடுக்கும் ஒற்றைத் தடுப்புக் கம்பம் மணிக்கு 360 கார்களைத்தான் வெளியே அனுப்பும். உள்ளே 300 கார் இருந்து, எல்லோரும் ஒரே நிமிடத்தில் சாவியைத் திருகினால், கடைசிக் கார் வெளியேற 50 நிமிடம் ஆகும். அந்த முந்நூறாவது ஆள் அரங்கிலேயே முக்கால் மணி நேரம் கதை பேசிவிட்டுக் கிளம்பினாலும், வீடு சேரும் நேரம் அதேதான்.