பவர் சரியாக வந்தால் மாடல் சரியா?

கும்பகோணம் பக்கம் எனக்குச் சொந்த ஊர். வேலை எஞ்சின் சிமுலேஷன், அதாவது எஞ்சின் ஓடுவதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது. ஊருக்கு வரும்போதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு வந்துவிடுவார்கள். போன குறுவையில் வந்தவர், அப்பா தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினையே கணினியில் ஒரு பரிமாண மாடலாகக் கட்டியிருந்தார். போர் 87.5 மி.மீ. (நம் ஊர் போர் இல்லை, சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 110 மி.மீ., 1500 ஆர்.பி.எம்.

"சார், 5 ஹெச்.பி. அப்படியே வந்துடுச்சு."

"காற்று எவ்வளவு போகுது?"

அதை அவர் பார்க்கவே இல்லை. சரி, தாளில் போட்டுப் பார்த்தோம். கொள்ளளவு 661 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, நிமிடத்துக்கு 750 முறை உறிஞ்சும். நம் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.15 கிலோ. சிலிண்டர் முழுக்க நிரம்பினாலே மணிக்கு 34 கிலோதான். டர்போ இல்லாத எஞ்சினில் அதில் 85 சதவீதம், அதாவது 29 கிலோ வந்தால் நல்லது. மாடல் காட்டியது 33.5.

டீசல் கணக்கை அவர் அப்பாவிடமே கேட்டோம். "மணிக்கு ஒண்ணேகால் லிட்டர் குடிக்கும்" என்றார். மாடல் 1.6 லிட்டர் எரித்துக்கொண்டிருந்தது.

வால்வின் ஃப்ளோ கோஎஃபிஷியன்டை (தடையே இல்லாவிட்டால் போகும் காற்றில் எத்தனை பங்கு உண்மையில் போகிறது என்ற எண்) எல்லா லிஃப்டுக்கும், அதாவது வால்வு எவ்வளவு திறந்தாலும், 1 என்று கொடுத்திருந்தார். மாடலில் ஏர் கிளீனரே இல்லை. அதனால் காற்று கூடிவிட்டது. டீசலைக் காற்று-எரிபொருள் விகிதமாகக் கொடுத்திருந்ததால் கூடவே டீசலும் கூடியது, பவரும் ஏறியது. ஏறிய பவரை இறக்க, உராய்வை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தார். ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைத்துவிட்டது. டீசலைப் பாதியாக்கி ஓட்டியதும் மாடல் எஞ்சின் நின்றுபோகும் நிலைக்கு வந்தது.

பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பணம் கட்டிப் படித்த பயிற்சி மையத்தில் தயார் மாடலைத் திறந்து ரன் அழுத்தத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஜிடி-பவரோ வேவோ, இந்த மாடல் கட்டும் மென்பொருள் எதுவானாலும், வெற்றுத் திரையிலிருந்து கட்டவிடுவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடிப்படை நமக்குப் புதிதல்ல. வாய்க்காலில் ஷட்டரைச் சட்டென்று இறக்கினால் தண்ணீர் எதிர்த்து ஏறும், அந்த ஏற்றம் மேல்மடையை நோக்கிப் போகும். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடும்போது குழாயில் எழும் அழுத்த அலையும் அப்படித்தான், நொடிக்கு சுமார் 350 மீட்டர் வேகத்தில் ஓடும். அதைக் குழாயின் நீளவாக்கில் மட்டும் கணக்கிடுவதால்தான் ஒரு பரிமாணம் என்கிறோம். ஆகவே குழாயின் நீளத்தை டேப் பிடித்து அளந்து போடுங்கள், உத்தேசமாக அல்ல. மாடல் குழாயைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கணக்கிடும். இன்டேக் பக்கம் போரில் 0.4 மடங்கு நீளத்துக்கு ஒரு துண்டு, இங்கே 35 மி.மீ., வழக்கமான தொடக்கம். துண்டைப் பாதியாகக் குறைத்தால் கணினியில் மாடல் ஓடும் நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும்.

எரிப்பு இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். காற்றும் அழுத்தமும் பொருந்திய பிறகு டீசலை ஒரு சுழற்சிக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுங்கள். அந்த எஞ்சினுக்கு 23 வரும். உராய்வில் கை வைப்பது கடைசியில்தான்.

இப்போது அவர் ஏர் கிளீனரைச் சேர்க்கிறார். அதன் அழுத்த இழப்பை அளக்க, யூ வடிவில் வளைத்த, உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் ஹோஸும் கொஞ்சம் தண்ணீரும் போதும். அடுத்த முறை தண்ணீர் இறைக்கும்போது அளந்துவிடுவோம்.