ஹேக் நகருக்கு மனு எழுதுவதற்கு முன்னால்

அந்த அம்மா வைத்திருந்த பிளாஸ்டிக் கவரில் நான்கு வாக்குமூலங்கள். நான்கு அமைப்புகள் தனித்தனியாக வந்து எழுதி வாங்கியவை. ஒன்றில் ஷெல் விழுந்தது காலையில், இன்னொன்றில் சாயங்காலம், மூன்றாவதில் தேதியே இரண்டு நாள் தள்ளி. நான்கிலும் ஒரே ஒரு விஷயம் மட்டும் ஒற்றுமையாக விடுபட்டிருந்தது. ஷெல் விழுவதற்கு ஒரு வாரம் முன்பு அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போனது எதிரி இல்லை, சொந்தப் பக்கத்து ஆட்கள். "அதை எழுத வேணாம்னு சொன்னாங்க" என்றார்.

இப்படி எழுதிக் கொடுப்பவர்களுக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் வழக்கைக் கெடுப்பது இதுதான்.

முதலில் இடம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் முக்கியமாக இரண்டு சர்வதேச நீதிமன்றங்கள் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்கைப் பார்க்கிறது, தனி ஆளுக்கு அங்கே வேலையே இல்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்தான் ஆட்களை விசாரிக்கிறது. அதற்கு அடிப்படை 1998இல் ரோமில் எழுதிய சாசனம், 2002 ஜூலை 1 முதல் நடைமுறை. இந்த இரண்டையும் குழப்பித் தவறான வாசலில் வருடக்கணக்கில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, பெரும்பாலான மனுக்கள் விழும் பள்ளம். உங்களுக்கு நடந்தது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை இந்த நீதிமன்றம் முதலில் பார்ப்பதில்லை. எங்கே நடந்தது, செய்தவர் எந்த நாட்டவர், எப்போது என்றுதான் பார்க்கும். குற்றம் உறுப்பு நாட்டின் மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது செய்தவர் உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். 2002 ஜூலைக்கு முன் நடந்தது என்றால் கதவே திறக்காது. உறுப்பு நாடுகள் சுமார் 125. இந்தியா, இலங்கை, அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இஸ்ரேல் எதுவும் அதில் இல்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை நினைத்தால் உறுப்பினர் அல்லாத நாட்டின் விவகாரத்தையும் இந்த நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கலாம். 2005இல் சூடானின் டார்ஃபூரையும் 2011இல் லிபியாவையும் அனுப்பியது. 2014இல் சிரியா வந்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. அதோடு சரி.

ஒரு சந்து உண்டு. மியான்மர் உறுப்பு நாடு இல்லை, பங்களாதேஷ் உறுப்பு நாடு. மியான்மரின் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களை எல்லை தாண்டித் துரத்தியதில் குற்றத்தின் ஒரு பாதி பங்களாதேஷ் மண்ணில் நடந்தது என்று வைத்து 2019இல் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. உங்களை விரட்டிய எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த நாடு என்று ஒருமுறை பாருங்கள்.

இலங்கைக்கு இந்த வழியும் எளிதில்லை. 2009இன் கொடுமைகள் 2002க்குப் பிறகுதான் நடந்தன, ஆனால் நாடு கையெழுத்துப் போடவில்லை. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கை அரசுப் படைகள், விடுதலைப் புலிகள் என இரு தரப்பின் மீதும் குற்றம் சொன்னது. ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்துக்குப் பிறகு அதே அலுவலகம் ஆதாரங்களைச் சேகரித்து வைக்கிறது. அது நீதிமன்றம் இல்லை. வேறொரு நாட்டில் வழக்கு வந்தால் உதவும் கிடங்கு, அவ்வளவுதான். அப்படி வழக்குகள் வராமல் இல்லை: சிரிய உளவுத்துறை அதிகாரி ஒருவருக்கு 2022இல் ஜெர்மனியின் கோப்லென்ஸில் ஆயுள் தண்டனை விழுந்தது. அவர் ஜெர்மனியில் இருந்ததால் பிடிக்க முடிந்தது.

சரி, வாசல் உங்களுக்குத் திறக்கும் என்றே வைத்துக்கொள்வோம். வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்கு யார் வேண்டுமானாலும் தகவல் அனுப்பலாம். இணையத்திலேயே அனுப்பலாம், கட்டணம் கிடையாது. "ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிறேன்" என்று பணம் கேட்பவரைத் திருப்பி அனுப்புங்கள். கிடைத்தது என்று ஒரு பதில் வரும். அப்புறம் மௌனம். விசாரணை தொடங்கலாமா என்று பார்க்கும் முதற்கட்ட ஆய்வே கொலம்பியா விஷயத்தில் 17 வருடம் ஓடி 2021இல் மூடப்பட்டது.

எல்லாத் தரப்பையும் சமமாகப் பார்ப்பார்களா? சாசனத்தின் 54ஆம் பிரிவு, குற்றத்தை நிரூபிப்பதையும் மறுப்பதையும் சமமாகத் தேடச் சொல்கிறது. நடைமுறை வேறு. உகாண்டா அரசே 2003இல் கிளர்ச்சிக்காரர்கள் மீது புகார் அனுப்பியது. 2005இல் வந்த ஐந்து பிடியாணைகளும் கிளர்ச்சித் தலைவர்கள் மீதுதான், ராணுவத்தில் ஒருவர் மீதும் இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் மோதிக்கொண்ட இரு ஆயுதக் குழுக்களிலிருந்தும் ஆட்கள் கூண்டில் ஏறினார்கள். 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் மீதும் ஹமாஸ் தளபதி மீதும் ஒரே நாளில் பிடியாணை. ஆக, நடக்கும், ஆனால் நம்பிக்கொண்டு உட்கார முடியாது. உங்கள் கையில் இருப்பது உங்கள் வாக்குமூலம்தான்.

அதனால்தான் முழுதாகச் சொல்லச் சொல்கிறேன். பக்கத்தில் துப்பாக்கி மேடை இருந்ததா? இருந்தால் எழுதுங்கள், எத்தனை அடி தூரம் என்று சேர்த்து. பொதுமக்கள் செத்தாலே போர்க்குற்றம் ஆகிவிடாது. மக்களையே குறிவைத்தார்களா, கிடைத்த ராணுவ லாபத்துக்கு அந்தச் சேதம் மிதமிஞ்சியதா என்பதுதான் கேள்வி. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மேடையை எப்படியும் கண்டுபிடிப்பார். நீங்கள் மறைத்தது தெரிந்த நிமிடம் மிச்சமெல்லாம் சந்தேகத்துக்குள் போய்விடும். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். படமோ வீடியோவோ இருந்தால் எடுத்த போனிலேயே பத்திரமாக வையுங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதியில் எடுத்த நேரமும் இடமும் தங்காது. பழைய வாக்குமூலங்களைக் கிழிக்க வேண்டாம், முரண்பாடு ஏன் வந்தது என்று புதியதில் ஒரு பத்தி போதும்.

நஷ்டஈடு எதிர்பார்த்துக் கடன் வாங்காதீர்கள். தண்டனை உறுதியானால்தான் பணம். காங்கோ அரசியல்வாதி பெம்பா மீதான வழக்கில் 5,000க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள் பங்கேற்றார்கள், 2016இல் தண்டனை, 2018 மேல்முறையீட்டில் விடுதலை, நஷ்டஈட்டு உத்தரவு இல்லாமலே போயிற்று. காங்கோ ஆயுதக் குழுத் தலைவர் கட்டங்கா மீதான வழக்கில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு அடையாளமாக 250 டாலர். இதற்குக்கூட, தகவல் அனுப்பியது போதாது. பாதிக்கப்பட்டவர் என்ற விண்ணப்பம் வேறு, அதைத் தனியாகப் போட வேண்டும்.

அந்த அம்மாவோடு ஐந்தாவது வாக்குமூலத்துக்கு உட்கார்ந்தோம். மகனைப் பிடித்துப் போனபோது வயசு என்ன என்று கேட்டேன். "பதினாலு... இல்ல, பதினஞ்சு தொடங்கியிருக்கும்" என்றார். ரோம் சாசனத்தில் சிறுவரைப் படையில் சேர்க்கும் குற்றத்துக்கு எல்லை 15. பதினெட்டு என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. 15 முடியாத பையன் என்றால் அது போர்க்குற்றம், ஒரு நாள் கூடிவிட்டால் அந்தப் பிரிவு பொருந்தாது. கவரை மறுபடி கொட்டித் தேடினோம். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு இருந்தது, இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது, பிறப்புச் சான்றிதழ் மட்டும் இல்லை.