மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது எது காணாமல் போகிறது?

எங்கள் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். கீழுதட்டில் ஒரு கருந்திட்டு, இடது மணிக்கட்டில் இன்னொன்று, இரண்டைச் சுற்றியும் சிவந்து எரிச்சல். "போன வருசமும் இதே எடத்துலதான் சார் வந்துச்சு" என்றார். மருத்துவருக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. குறிப்பிட்ட ஒரு மருந்தைச் சாப்பிடும்போதெல்லாம் அதே இடத்தில் திட்டு வந்தால், அது மருந்து ஒவ்வாமையில் ஒரு தனி வகை. மருந்தாளுநர் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள்.

என்ன மாத்திரை என்று கேட்டேன். முதுகுவலிக்கு மெடிக்கலில் வாங்கியதாம். சட்டைப் பையிலிருந்து சின்னக் காகிதக் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு மாத்திரைகள். பின்பக்கத் தாளில் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் தெரிந்தன. பேட்ச் நம்பர், காலாவதி தேதி, கம்பெனி பெயர் எல்லாம் கடையில் தங்கிவிட்ட மிச்ச அட்டையில் போய்விட்டன. கடைக்குப் போன் செய்தோம். வலி மாத்திரையில் மூன்று வகை விற்பதாகவும், இவருக்கு எதைக் கொடுத்தோம் என்று நினைவில்லை என்றும் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் மூன்று இடங்களில் வைத்தியம் பார்த்திருக்கிறார். எல்லா இடத்திலும் களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் இதைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பவில்லை.

அனுப்பியிருந்தால் அந்த வரி நெடுந்தூரம் போயிருக்கும். மருத்துவக் கல்லூரிகளில் இயங்கும் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையங்களிலிருந்து காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு, அங்கிருந்து ஸ்வீடனின் உப்சாலா நகருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கான மையம் 1978 முதல் அங்கேதான் இருக்கிறது. 1968-ல் 10 நாடுகளோடு ஆரம்பித்த திட்டத்தில் இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அங்குள்ள தரவுத்தளத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை, எங்கோ ஒரு ஊரில் ஒரு மருத்துவரோ செவிலியரோ நோயாளியோ "இந்த மருந்தால் இருக்குமோ?" என்று சந்தேகப்பட்டதில் தொடங்கியவை.

இப்படி ஒரு வலைப்பின்னலை உண்டாக்கியதே அந்த மாதிரி ஒரு சந்தேகம்தான். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. நல்ல தூக்கம் தரும், பாதுகாப்பானது என்று விளம்பரம். கர்ப்பிணிகள் மசக்கைக்கும் சாப்பிட்டார்கள். கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. ஆனால் ஒரு மருத்துவமனையில் ஒன்று, இன்னொரு ஊரில் இரண்டு என்று சிதறிக் கிடந்ததால் யாருக்கும் முழுப் படம் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் எச்சரித்த பிறகு, 1961 நவம்பரில் அங்கே மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதம் ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மக்பிரைடு 'லான்செட்' இதழுக்குச் சின்னக் கடிதம் ஒன்று எழுதினார். தான் பார்த்ததைச் சொல்லிவிட்டு, வேறு யாராவது இப்படிப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். அதற்குள் உலகம் முழுக்க 10,000-க்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர் கேட்ட அந்தக் கேள்வியை நாடுகள் ஒன்றையொன்று ஓயாமல் கேட்டுக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் அப்புறம்தான் வலுப்பெற்றது.

பரிசோதனை செய்துதானே மருந்தை விற்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு மருந்து சந்தைக்கு வருமுன் அதைச் சாப்பிட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சில ஆயிரம் பேர். 10,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய பாதிப்பை ஒரு தடவையாவது பார்த்துவிடுவோம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்வதற்கே சுமார் 30,000 பேர் தேவை. சில ஆயிரம் பேரில் அது கண்ணில் படாமலே போகலாம். லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் வெளியே தெரியும். அதுவும் யாராவது சொன்னால்தான்.

சொன்னால் மட்டும் போதாது, எல்லோரும் ஒரே மொழியில் சொல்ல வேண்டும். என் வேலையில் பாதி இதுதான். பாரசிட்டமாலுக்கு இந்தியாவில் எத்தனையோ பிராண்டு பெயர்கள். உப்சாலாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அவை புரியாது. அதனால் ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் உலக சுகாதார நிறுவனம் வைத்த பொதுப்பெயர் இருக்கிறது. பாதிப்புகளுக்கும் அப்படி ஒரு பொதுச் சொற்பட்டியல், மெட்ரா என்று பெயர். நம் ஊரில் ஒருவர் "மயக்கமா வருது" என்றால் அது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவிழந்து விழுந்ததாகவும் இருக்கலாம். மெட்ராவில் இரண்டும் வேறு வேறு குறியீடுகள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பாட்டி எழுந்ததும் தள்ளாடுவதும், சமையலறையில் சுருண்டு விழுவதும் ஒன்றாகுமா? அதனால் "மயக்கம்" என்று கேட்டவுடன் எழுத மாட்டேன். "கண்ணு இருட்டுச்சா? கீழ விழுந்தீங்களாம்மா? கூப்பிட்டா காது கேட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். இங்கே நான் தப்பாக எழுதினால் உப்சாலாவில் யாராலும் திருத்த முடியாது.

போன அறிக்கைகள் எச்சரிக்கையாகத் திரும்பி வருவதும் உண்டு. 2023 நவம்பர் 30 அன்று மெஃபனமிக் அமிலம் பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு நம் வீட்டுப் பெண்கள் சர்வசாதாரணமாக வாங்கிப் போடும் மாத்திரைகளில் இருப்பது. நம் நாட்டு அறிக்கைகளை ஆராய்ந்ததில், அபூர்வமாக டிரெஸ் எனப்படும் கடுமையான ஒவ்வாமை வருவது தெரிந்தது. மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரங்களில் காய்ச்சல், தடிப்பு, நெறி கட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு. யாரோ சிலர் படிவத்தை நிரப்பியதால் வந்த எச்சரிக்கை அது.

ஆனாலும் எழுதத் தயங்குகிறார்கள். "நான் எழுதிக் கொடுத்த மருந்துதானே, என் மேல் கேஸ் வந்துவிடுமோ?" என்று மருத்துவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அறிக்கை அனுப்புவது தப்பை ஒப்புக்கொள்வது ஆகாது, சட்டச் சிக்கலும் வராது என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நோயாளியின் முழுப்பெயர் கூட வேண்டாம், முதலெழுத்து போதும். நிரூபிக்க வேண்டியதும் இல்லை. சந்தேகம் போதும். மருந்துதான் காரணமா என்று எடைபோட நாங்கள் இருக்கிறோம்.

இன்னொன்று. லேகியம், சூரணம் சாப்பிடுகிறவர்கள் டாக்டர் திட்டுவார் என்று எங்களிடம் மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் தனியே கண்காணிப்பு இருக்கிறது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதில் ஒரு மையம்.

அந்த ஆட்டோ ஓட்டுநரின் அறிக்கையை அனுப்பினோம். மருந்தின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் "வலி மாத்திரை, பெயர் தெரியவில்லை" என்றுதான் எழுத முடிந்தது. அப்படிப்பட்ட அறிக்கையால் எந்த மருந்தைப் பற்றியும் யாருக்கும் எச்சரிக்கை கிடைக்காது. அவரிடமும் எந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்று என்னால் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு இன்னமும் உறுத்துவது அதுதான்.

மெடிக்கலில் இரண்டு மாத்திரைதான் வாங்குகிறீர்கள் என்றாலும் பெயரையும் பேட்ச் நம்பரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் மிச்ச அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் பேட்ச் நம்பர் இருக்கும் நுனியைக் கடைசிவரை விட்டுவைத்து, மறுமுனையிலிருந்து கத்தரித்தால் பெரிய உதவி. மருந்து சாப்பிட்ட பிறகு உடம்பில் புதிதாக ஏதாவது வந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. மருத்துவச் சொல் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஊறலோ, எரிச்சலோ, கிறுகிறுப்போ, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே எழுதுங்கள். எந்தத் தேதியில் மாத்திரை போட்டீர்கள், எந்தத் தேதியில் அது வந்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.